அமெரிக்காவில் உளவியலாளர் ஆக எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் உளவியலைத் தொழிலாகச் செய்ய விரும்புகிறவர்கள் பட்டமேற்படிப்புக்கு இடம் தேடும்போது கேட்கும் கேள்விகள் இவை. சில பதில்கள் நீளம், சில இரண்டு வரி. எதில் ஏமாற வாய்ப்பு அதிகமோ அதில் நீட்டியிருக்கிறேன்.

எங்கிருந்து தேடத் தொடங்குவது?

கடைசியிலிருந்து. பல்கலைக்கழகப் பெயர்களை வரிசை கட்டி வைத்துக்கொண்டுதான் பலரும் தொடங்குகிறார்கள். அதை ஓரமாக வையுங்கள். ஏதோ ஒரு மாநிலத்தில் லைசென்ஸ் வாங்கி, உங்கள் பெயர்ப்பலகையை மாட்டும் நாளை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கி வாருங்கள். லைசென்ஸுக்கு முன் ஈபிபிபி என்ற தேசிய அளவிலான தேர்வு. பல மாநிலங்களில், பட்டம் வாங்கிய பிறகு ஒரு மூத்த உளவியலாளரின் மேற்பார்வையில் செய்யும் வேலை. அதற்கு முன் ஓராண்டு முழுநேர இன்டர்ன்ஷிப். அதற்கும் முன் ஆய்வேடு, பிராக்டிகம் என்ற பகுதிநேரச் சிகிச்சைப் பயிற்சி, பாடங்கள். இந்தப் படிகளில் எந்தக் கல்லூரி மாணவர்கள் எங்கே இடறி விழுகிறார்கள் என்று பார்த்தாலே பாதித் தேர்வு முடிந்துவிடும்.

முனைவர் பட்டம் இல்லாமல் உளவியலாளர் ஆக முடியாதா?

சில விதிவிலக்குகள் தவிர, முடியாது. "சைக்காலஜிஸ்ட்" என்ற பட்டப்பெயருக்கு மாநிலச் சட்டங்களின் பாதுகாப்பு உண்டு. தனித்துத் தொழில் செய்ய முனைவர் நிலைப் பட்டம் வேண்டும்.

ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் வேறொரு கேள்வி ஒளிந்திருக்கும். "எனக்கு மனிதர்களோடு உட்கார்ந்து பேசி உதவ வேண்டும், அவ்வளவுதான்" என்பது உங்கள் ஆசையென்றால், உளவியலாளராக ஆகித்தான் தீர வேண்டும் என்பதில்லை. சமூகப்பணியில் முதுகலை, மனநல ஆலோசனையில் முதுகலை, குடும்ப சிகிச்சையில் முதுகலை என்று மூன்று பாதைகள் இருக்கின்றன. இரண்டு மூன்று ஆண்டுப் படிப்பு, அப்புறம் மேற்பார்வையில் சில ஆண்டு வேலை, பிறகு தனியாகச் சிகிச்சை தரும் லைசென்ஸ். சிகிச்சை அறையில் நடக்கும் வேலையில் பெரும்பகுதி ஒன்றேதான். முனைவர் பட்டம் கூடுதலாகத் தருவது உளவியல் சோதனைகள் செய்து அறிக்கை எழுதும் பயிற்சி, ஆய்வு, கற்பித்தல், மேற்பார்வை, மருத்துவமனைப் பதவிகள். இவை வேண்டாம் என்றால் ஆறேழு ஆண்டைச் செலவழிக்கும் முன் ஒரு தடவை யோசியுங்கள். "டாக்டர்" என்ற அடைமொழிக்காக மட்டும் போகிறவர்கள் மூன்றாம் ஆண்டில் களைத்துப்போகிறார்கள்.

மருந்து எழுதுவது மனநல மருத்துவரின் வேலை. அது மருத்துவப் படிப்பு. நியூ மெக்சிகோ 2002இலும் லூசியானா 2004இலும் தொடங்கி வைத்ததைப் பின்பற்றி, கூடுதல் பயிற்சி பெற்ற உளவியலாளர்களுக்கு மருந்து எழுதும் உரிமையைச் சில மாநிலங்கள் கொடுத்திருக்கின்றன. அதை நம்பி மட்டும் இந்தப் பாதையில் வர வேண்டாம்.

பிஎச்.டி., சை.டி. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

1949இல் கொலராடோவின் போல்டர் நகரில் ஒரு மாநாடு கூடியது. இரண்டாம் உலகப்போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்குச் சிகிச்சை தர ஆட்கள் தேவைப்பட்ட காலம் அது. உளவியலாளர் என்பவர் ஆய்வாளராகவும் சிகிச்சையாளராகவும் சேர்ந்தே பயிற்சி பெற வேண்டும் என்று அங்கே முடிவானது. பிஎச்.டி. படிப்புகள் இன்றைக்கும் பெரும்பாலும் அந்தத் தடத்தில்தான் ஓடுகின்றன.

சிகிச்சையையே வாழ்நாள் வேலையாகச் செய்யப்போகிறவருக்கு இவ்வளவு ஆய்வுப் பயிற்சி எதற்கு என்ற கேள்வி அப்புறம் எழுந்தது. 1968இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பீட்டர்சன் முதல் டாக்டர் ஆஃப் சைக்காலஜி படிப்பைத் தொடங்கினார். சுருக்கமாக சை.டி. அடுத்த ஆண்டே கலிஃபோர்னியாவில், எந்தப் பல்கலைக்கழகத்தையும் சாராத ஒரு தொழில்முறை உளவியல் கல்லூரி பிறந்தது. 1973இல் வெய்ல் நகரில் கூடிய மாநாடு இந்தப் பாதைக்கு ஒப்புதல் முத்திரை குத்தியது. ஆய்வைப் படித்துப் புரிந்து பயன்படுத்தத் தெரிந்த சிகிச்சையாளரை உருவாக்குவது சை.டி.யின் நோக்கம்.

நடைமுறையில் வித்தியாசம் பணத்திலும் கூட்டத்திலும் தெரியும். பிஎச்.டி. வகுப்பில் ஆண்டுக்கு ஐந்து முதல் பத்துப் பேர். பெரும்பாலும் கட்டண விலக்கு, கையில் ஒரு உதவித்தொகை. இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. சை.டி. வகுப்பு பெரிது, சில இடங்களில் பல மடங்கு பெரிது. கட்டணத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும். இடம் கிடைப்பது அவ்வளவு கடினமில்லை. பிஎச்.டி. பொதுவாக 5 முதல் 7 ஆண்டு, சை.டி. 4 முதல் 6 ஆண்டு. லைசென்ஸ் வாரியம் இரண்டையும் ஒன்றாகத்தான் பார்க்கிறது.

அப்படியென்றால் சை.டி. மட்டமா?

இல்லை. மட்டமான சை.டி. படிப்புகள் இருக்கின்றன, அருமையான சை.டி. படிப்புகளும் இருக்கின்றன. ரட்கர்ஸ், பேய்லர் போன்ற பல்கலைக்கழகங்களுக்குள்ளேயே நடக்கும் சை.டி. படிப்புகள் ஒப்பீட்டளவில் சிறியவை, நுழைவதும் கடினம். இன்னொரு பக்கம், ஒரே படிப்பில் பெருங்கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு, பேராசிரியரை எட்டிப்பார்க்கக்கூட வரிசையில் நிற்க வைக்கும் இடங்களும் உண்டு. இரண்டுக்கும் ஒரே பட்டம்.

எனக்குப் பட்டத்தின் பெயரைவிட வகுப்பின் அளவும் கட்டணமும்தான் அதிகம் சொல்கின்றன. பிஎச்.டி.யிலும் ஒரு பொறி இருக்கிறது: தனித்து இயங்கும் தொழில்முறைக் கல்லூரிகள் சில பிஎச்.டி. பட்டமும் தருகின்றன, ஆனால் கட்டணம் சை.டி.யைப் போலவே. பெயரைப் பார்த்து "பிஎச்.டி. ஆயிற்றே, உதவித்தொகை இருக்கும்" என்று நினைத்துவிடக் கூடாது.

கிளினிக்கல், கவுன்சலிங், ஸ்கூல் என்று மூன்று பிரிவு இருக்கிறதே?

கிளினிக்கலும் கவுன்சலிங்கும் இன்று நெருங்கி வந்துவிட்டன. ஒரே லைசென்ஸ், பெரும்பாலும் ஒரே இன்டர்ன்ஷிப் இடங்கள். கவுன்சலிங் படிப்புகள் பல இடங்களில் கல்வியியல் துறையின் கீழ் இருக்கும்; வேலை, வாழ்க்கை மாற்றம், பண்பாடு என்ற பக்கம் சாய்வு. கிளினிக்கல் தீவிர மனநோய், மருத்துவமனை, நரம்புசார் மதிப்பீடு என்ற பக்கம் சாயும். கிளினிக்கலை மட்டுமே பார்த்துக் கவுன்சலிங்கை விட்டுவிடுகிறவர்கள் நல்ல வாய்ப்பு ஒன்றைத் தவறவிடுகிறார்கள்.

பள்ளியிலேயே வேலை செய்ய ஆசையென்றால் பெரும்பாலான மாநிலங்களில் முதுகலைக்கும் முனைவருக்கும் இடைப்பட்ட ஸ்பெஷலிஸ்ட் நிலைப் பட்டமே போதும். வழக்கமாக மூன்று ஆண்டு, அதற்குள் 1,200 மணிநேர இன்டர்ன்ஷிப். முனைவர் பட்டம் கட்டாயமில்லை.

"எங்கள் கல்லூரி அங்கீகாரம் பெற்றது" என்று போட்டிருக்கிறார்கள். போதாதா?

இங்கேதான் நிறையப் பேர் விழுகிறார்கள். அங்கீகாரம் இரண்டு வகை. பல்கலைக்கழகம் முழுவதற்கும் கிடைப்பது ஒன்று. அது இருந்தால்தான் மத்திய அரசுக் கடன் கிடைக்கும். குறிப்பிட்ட அந்தப் படிப்புக்குக் கிடைப்பது இன்னொன்று. அமெரிக்க உளவியல் சங்கமான ஏபிஏ-வின் அங்கீகார ஆணையம் தருவது. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. விளம்பரத்தில் "முழு அங்கீகாரம்" என்று கொட்டை எழுத்தில் இருந்தால், யார் தந்தது, எதற்குத் தந்தது என்று பாருங்கள். ஒரே கல்லூரியின் ஒரு வளாகத்தில் நடக்கும் படிப்புக்கு ஏபிஏ அங்கீகாரம் இருக்கும், இன்னொரு வளாகத்தில் இருக்காது. கல்லூரி சொல்வதை நம்பாமல் ஏபிஏ வெளியிடும் பட்டியலில் நீங்களே தேடிப் பாருங்கள்.

ஏபிஏ அங்கீகாரம் இல்லாத படிப்பை முடித்தவர் லைசென்ஸ் வாங்கவே முடியாது என்று சொல்ல மாட்டேன். சில மாநிலங்கள் அனுமதிக்கின்றன. ஆனால் ஒவ்வொரு பாடத்துக்கும் பாடத்திட்டத்தை எடுத்து வைத்து வாரியத்திடம் வாதாட வேண்டியிருக்கும். மாநிலம் மாறினால் மறுபடி முதலிலிருந்து. முன்னாள் படைவீரர் நலத்துறை மருத்துவமனைகள் நாட்டிலேயே உளவியலாளர்களுக்கு அதிகம் பயிற்சி தருபவை. அங்கே அங்கீகாரம் இல்லாத பட்டத்தோடு உள்ளே நுழையவே முடியாது. நல்ல இன்டர்ன்ஷிப் இடங்கள் பலவும் அப்படித்தான்.

பட்டியலில் தெரியும் நிலைகளையும் கவனியுங்கள். "தற்காலிக அங்கீகாரம்" என்றால் படிப்பு புதியது, முழு விவரங்களைக் காட்ட அவகாசம் கேட்டிருக்கிறது என்று பொருள். அது நடப்பில் இருக்கும்போது பட்டம் பெறுகிறவர் அங்கீகாரம் பெற்ற படிப்பில் படித்தவராகவே கருதப்படுவார். "விண்ணப்பிக்க உத்தேசம்" என்பது அங்கீகாரமே அல்ல, வெறும் அறிவிப்பு. "கண்காணிப்பில்" என்றால் அங்கீகாரம் இருக்கிறது, ஆனால் ஆபத்தில் இருக்கிறது. என்ன குறை என்று நேரடியாகக் கேளுங்கள். சரியாகப் பதில் சொல்கிற துறை நம்பத்தக்கது.

ஆய்வு சார்ந்த சில பிஎச்.டி. படிப்புகள் பிசிஎஸ்ஏஎஸ் என்ற இன்னொரு அங்கீகாரத்தையும் வைத்திருக்கின்றன. 2007இல் தொடங்கியது. சில படிப்புகள் அதை மட்டுமே வைத்துக்கொள்ளப் பார்க்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் சேர்ந்தால், நீங்கள் தொழில் செய்ய நினைக்கும் மாநிலம் அதை ஏற்கிறதா என்று முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

கல்லூரியின் உண்மை நிலையை எங்கே பார்ப்பது?

ஏபிஏ அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு முனைவர் படிப்பும் தன் மாணவர்களின் கதி என்ன ஆயிற்று என்று எண்ணிக்கையோடு வெளியிட்டாக வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். சேர்க்கை, செலவு, முடிக்க ஆகும் காலம், இன்டர்ன்ஷிப், இடையில் விலகியவர்கள், லைசென்ஸ் பெற்றவர்கள் என்று அட்டவணை அட்டவணையாக இருக்கும். சிரிக்கும் மாணவர்கள் புல்வெளியில் உட்கார்ந்திருக்கும் படத்துக்கு இரண்டு மூன்று சொடுக்குகள் தள்ளி, யார் கண்ணிலும் படாத இடத்தில்தான் பெரும்பாலும் வைத்திருப்பார்கள். முதலில் தேட வேண்டியது அதைத்தான்.

ஆனால் அந்த எண்களைப் படிக்கத் தெரிய வேண்டும். ஒன்றொன்றாகச் சொல்கிறேன்.

முடிக்க ஆகும் காலம்: இந்தச் சராசரி, முடித்தவர்களை வைத்துப் போட்ட கணக்கு. ஏழாம் ஆண்டிலும் ஆய்வேட்டோடு மல்லுக்கட்டுகிறவர் இதில் இல்லை. கோபித்துக்கொண்டு கிளம்பியவரும் இல்லை. அதனால் சராசரி 5.2 என்று பார்த்ததும் மகிழ்ந்துவிடாமல், ஏழாண்டுக்கு மேல் ஆனவர்கள் எத்தனை சதவீதம் என்ற வரிக்குப் போங்கள்.

இடைவிலகல்: எந்த ஆண்டு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள், எத்தனை பேர் இன்னும் படிக்கிறார்கள், எத்தனை பேர் போய்விட்டார்கள் என்று இருக்கும். ஆறு பேர் வகுப்பில் ஒருவர் போனால் அது வாழ்க்கை. அறுபது பேர் வகுப்பில் ஆண்டுக்கு ஆண்டு பன்னிரண்டு பேர் போனால், அந்தப் பன்னிரண்டு பேரும் போகும்போது கடனையும் சுமந்துகொண்டுதான் போயிருப்பார்கள்.

இன்டர்ன்ஷிப்: இடம் கிடைத்தவர்கள் ஒரு வரி, ஏபிஏ அங்கீகாரம் பெற்ற இடம் கிடைத்தவர்கள் இன்னொரு வரி. முதல் வரி 98 சதவீதமாகவும் இரண்டாவது 60 ஆகவும் இருந்தால் நடுவில் உள்ள 38 சதவீதத்தினரின் கதையைக் கேளுங்கள். மேலும், விண்ணப்பித்தவர்களில் எத்தனை பேருக்குக் கிடைத்தது என்பதுதான் கணக்கு. பலவீனமான மாணவரை "அடுத்த ஆண்டு விண்ணப்பி" என்று நிறுத்தி வைத்துவிட்டால் சதவீதம் அழகாக நிற்கும்.

லைசென்ஸ்: பட்டம் பெற்று 2 முதல் 10 ஆண்டு ஆனவர்களில் எத்தனை பேர் லைசென்ஸ் பெற்றார்கள் என்ற எண். இதில் நியாயமாக நடந்துகொள்ள வேண்டும். ஆய்வு நோக்குள்ள படிப்பில் பலர் பேராசிரியர்களாகப் போவார்கள், லைசென்ஸ் எடுக்க மாட்டார்கள். அங்கே எண் குறைவது குற்றமில்லை. ஆனால் "சிகிச்சையாளர்களை உருவாக்குவதே எங்கள் மூச்சு" என்று சொல்லும் படிப்பில் அந்த எண் குறைவாக இருந்தால் சாக்குப்போக்கு எதுவும் செல்லாது.

ஒரே ஒரு ஆண்டைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். ஐந்தாறு ஆண்டை வரிசையாகப் பாருங்கள், எண் எந்தத் திசையில் போகிறது என்று தெரியும்.

இன்டர்ன்ஷிப் "மேட்ச்" என்றால் என்ன? ஏன் எல்லாரும் பயப்படுகிறார்கள்?

படிப்பின் கடைசி ஆண்டை மருத்துவமனை, மாணவர் ஆலோசனை மையம், சிறை, சமூக மனநல மையம் போன்ற இடத்தில் முழுநேரப் பயிற்சியாகச் செய்ய வேண்டும். அந்த இடத்தைக் கல்லூரி உங்களுக்குத் தூக்கிக் கொடுப்பதில்லை. ஆப்பிக் என்ற அமைப்பு நாடு முழுக்க ஒரு பொருத்தம் பார்க்கும் ஏற்பாட்டை நடத்துகிறது. நீங்கள் நேர்காணலுக்குப் போன இடங்களை விருப்ப வரிசையில் எழுதித் தர வேண்டும். அவர்களும் மாணவர்களை வரிசைப்படுத்துவார்கள். கணினி ஜோடி சேர்க்கும். ஏறக்குறைய கல்யாணத் தரகர் வேலைதான், ஒரே வித்தியாசம் முடிவு வந்தபின் மாற்ற முடியாது. 1999க்கு முன் இதையெல்லாம் தொலைபேசியில் செய்தார்கள். ஒரே நாளில் அழைப்புகள் பறக்கும். இப்போதைய கணக்குமுறையின் பின்னால் இருக்கும் ஆல்வின் ராத், இப்படிப்பட்ட பொருத்தங்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக லாயிட் ஷாப்லியோடு 2012இன் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அதே 2012 வாக்கில் இடங்களைவிட மாணவர்கள் மிக அதிகமாக இருந்தார்கள், பலர் இடமில்லாமல் நின்றார்கள். பயம் அந்தக் காலத்து எச்சம். அப்புறம் அங்கீகாரம் பெற்ற இடங்கள் பெருகி நிலைமை நன்றாகவே தேறியது. ஆனாலும் பிடித்த ஊரில், பிடித்த வேலையில் கிடைக்கும் என்று உறுதியில்லை. குடும்பத்தோடு இருப்பவர்கள் ஓராண்டுக்கு வேறு மாநிலம் போகவேண்டி வரலாம் என்பதை வீட்டில் முதல் ஆண்டே பேசிவிடுவது நல்லது. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டியது: சுற்று வட்டாரத்தில் எத்தனை விதமான பிராக்டிகம் இடங்கள் இருக்கின்றன? அதே நகரத்தில் இன்னும் எத்தனை கல்லூரிகள் அந்த இடங்களுக்குப் போட்டி போடுகின்றன? பெரிய நகரம் என்றால் வாய்ப்பு அதிகம் என்று நினைப்போம். ஐந்து கல்லூரிகள் ஒரே மருத்துவமனையின் கதவைத் தட்டினால் அந்தக் கணக்கு மாறிவிடும்.

செலவு எவ்வளவு ஆகும்? கடன் வாங்கிப் படிக்கலாமா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்கு ஆண்டுக் கட்டணம் 45,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு ஆண்டில் 1,80,000. வீட்டு வாடகை, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு தனி. எல்லாம் சேர்ந்து 2,50,000 கடன் என்றால், 8 சதவீத வட்டிக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் வட்டி மட்டுமே. அசல் அப்படியே நிற்கும். இன்டர்ன்ஷிப் ஆண்டில் கிடைக்கும் சம்பளம் சொற்பம். அதற்கடுத்த மேற்பார்வை ஆண்டிலும் பெரிதாக ஏறாது. ஆக, படிப்பில் சேர்ந்து ஆறேழு ஆண்டு கழித்துத்தான் முழுச் சம்பளம் வரத் தொடங்கும். வட்டி அதுவரை காத்திருக்காது.

கடன் விதிகளும் மாறிவிட்டன. படிப்புச் செலவு முழுவதையும் கடனாகத் தந்த கிராட் பிளஸ் திட்டத்தை, 2025இல் வந்த சட்டம் 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு நிறுத்துகிறது. பட்டமேற்படிப்புக்கு மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் 1,00,000 என்று வரம்பு. "தொழில்முறைப் பட்டம்" என்ற வகையில் வந்தால் ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2,00,000. நீங்கள் சேரும் படிப்பு எந்த வகையில் வருகிறது என்று கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மீதிக்குத் தனியார் கடன் என்று அவர்கள் சொன்னால், அங்கே நிதானியுங்கள். அரசு அல்லது லாப நோக்கமில்லாத நிறுவனத்தில் வேலை செய்து 120 தவணை கட்டினால் மிச்சக் கடனைத் தள்ளுபடி செய்யும் திட்டம் மத்திய அரசுக் கடனுக்கு மட்டும்தான்; தனியார் கடனுக்குக் கிடையாது.

என் கருத்தைக் கேட்டால்: முழு உதவித்தொகையோடு கிடைக்கும், பெயர் தெரியாத ஊரின் மாநிலப் பல்கலைக்கழகம், முழுக்கட்டணம் கேட்கும் பெயர்பெற்ற இடத்தைவிட மேல். சிகிச்சைக்கு வருகிறவர் உங்கள் பட்டம் எந்த ஊரில் வாங்கியது என்று கேட்பதே இல்லை.

படித்துக்கொண்டிருக்கும்போதே கல்லூரி மூடிவிடுமா?

நடந்திருக்கிறது. பல மாநிலங்களில் சை.டி. படிப்புகளை நடத்திய ஆர்கோசி பல்கலைக்கழகம் 2019 மார்ச்சில் திடீரென்று மூடியது. அதற்கு முந்தைய மாதம் மத்தியக் கல்வித்துறை அதற்கான நிதியுதவியை நிறுத்தியிருந்தது; மாணவர்களின் கைக்குப் போக வேண்டிய கடன் பணமும் போய்ச் சேரவில்லை. ஆய்வேட்டின் நடுவில் இருந்தவர்கள் வேறு கல்லூரி தேடி அலைந்தார்கள். அந்தப் படிப்புகளில் பலவற்றுக்கு ஏபிஏ அங்கீகாரம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கீகாரம் படிப்பின் தரத்துக்குத்தான், முதலாளியின் கஜானாவுக்கு அல்ல. கல்லூரி லாப நோக்குள்ளதா, சமீபத்தில் கைமாறியிருக்கிறதா, வளாகங்களை மூடிவருகிறதா என்று செய்திகளில் ஒரு மணிநேரம் தேடினால் தெரிந்துவிடும்.

பேராசிரியரைப் பார்த்துச் சேர வேண்டுமா, படிப்பைப் பார்த்தா?

பிஎச்.டி.க்கு, பேராசிரியரைப் பார்த்து. பல இடங்களில் உங்களைத் தேர்வு செய்வதே அந்த ஒருவர்தான். உங்கள் மதிப்பெண் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அவர் அந்த ஆண்டு மாணவர் எடுக்கவில்லையென்றால் விண்ணப்பக் கட்டணம் வீண். இலையுதிர் காலத்தில் ஒரு சிறிய மின்னஞ்சல் போதும்: இந்த ஆண்டு மாணவர் சேர்க்கிறீர்களா? பலரும் துறைப் பக்கத்திலேயே போட்டுவிடுகிறார்கள், அதைப் பார்க்காமல் கேட்காதீர்கள்.

ஆனால் ஒருவரை மட்டும் நம்பிப் போவதில் ஆபத்தும் இருக்கிறது. அவர் வேறு பல்கலைக்கழகம் போகலாம், ஓய்வு பெறலாம், உங்களுக்கும் அவருக்கும் ஒத்துப்போகாமலும் ஆகலாம். நெருங்கிய துறையில் வேலை செய்யும் இரண்டாவது ஆள் ஒருவர் அதே துறையில் இருக்கிறாரா என்று பாருங்கள்.

முழுக்க ஆன்லைனில் படிக்கலாமா?

முழுக்க ஆன்லைனில் நடக்கும் முனைவர் படிப்புக்கு ஏபிஏ அங்கீகாரம் கிடையாது. குறைந்தது மூன்று கல்வியாண்டுப் படிப்பு, அதில் குறைந்தது இரண்டு ஆண்டு பட்டம் தரும் அதே படிப்பில், ஓராண்டு முழுநேரம் நேரில் என்பது தரநிலை. ஃபீல்டிங் பல்கலைக்கழகத்தில் இருப்பதைப் போல, வீட்டிலிருந்து படித்துக் குறிப்பிட்ட நாள்களில் நேரில் கூடும் அமைப்புக்கு அங்கீகாரம் உண்டு. அது வேலையிலும் குடும்பத்திலும் இருக்கும் நடுவயதினருக்குப் பொருந்தலாம். ஒழுங்கு தானாக வராதவர்களுக்குப் பொருந்தாது.

ஜிஆர்ஈ என்ற பொது நுழைவுத் தேர்வை எழுத வேண்டுமா?

பல படிப்புகள் கைவிட்டுவிட்டன, சில இன்னும் கேட்கின்றன. உங்கள் பட்டியலைப் போட்டுவிட்டுப் பாருங்கள்.

விண்ணப்பக் கட்டுரையில் என் சொந்தக் கதையை எழுதலாமா?

இந்தத் துறைக்கு வரும் பலருக்கும் ஒரு காயம் காரணமாக இருக்கும். வீட்டில் ஒருவருக்கு மனநோய், சொந்தமாக அனுபவித்த துயரம். அது வெட்கப்பட வேண்டிய விஷயமில்லை. ஆனால் இரண்டு பக்கக் கட்டுரையில் ஒன்றரைப் பக்கம் அதற்கே போனால், தேர்வுக் குழு உங்களைச் சக ஊழியராகப் பார்க்காமல் நோயாளியாகப் பார்க்கத் தொடங்கிவிடும். அது நியாயமா என்பது வேறு விவாதம். ஒரு வரியில் தொட்டுவிட்டு, அதன்பின் நீங்கள் என்ன படித்தீர்கள், எந்த ஆய்வுக்கூடத்தில் என்ன செய்தீர்கள், எந்தக் கேள்வி உங்களை விடாமல் துரத்துகிறது என்பதற்குப் போய்விடுங்கள்.

நேர்காணலில் நான் என்ன கேட்கலாம்?

பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் நடக்கும். பேராசிரியர்கள் இல்லாத நேரத்தில் மாணவர்களோடு பேச விடுவார்கள். அந்த அரைமணிநேரம்தான் தங்கம். "இங்கே பிடித்திருக்கிறதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "கடைசியாக விலகிய மாணவர் ஏன் விலகினார்?" என்று கேளுங்கள். "உதவித்தொகையில் மாதம் ஓடுகிறதா, பக்கவேலை செய்கிறீர்களா?", "உங்கள் சிகிச்சையை மேற்பார்வையாளர் நேரடியாகவோ ஒளிப்பதிவிலோ பார்க்கிறாரா, நீங்கள் சொல்வதை மட்டும் கேட்கிறாரா?" என்றும் கேளுங்கள். மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பதில் சொல்லத் தயங்கினால், அந்தத் தயக்கத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு மாணவருக்கு வேறு என்ன சிக்கல்?

அமெரிக்க அரசுக் கடன் கிடையாது. அதனால் உதவித்தொகையோடு வரும் பிஎச்.டி. பக்கம் சாய்வதே புத்திசாலித்தனம். முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் இன்டர்ன்ஷிப் செய்ய அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். ஆக, ஒரு பெரிய கதவு தொடக்கத்திலேயே மூடியிருக்கிறது. இன்டர்ன்ஷிப்பைப் படிப்பின் பகுதியாகச் செய்ய மாணவர் விசாவில் சிபிடி என்ற அனுமதி வேண்டும். பட்டத்துக்குப் பிந்தைய மேற்பார்வை ஆண்டுக்கு ஓபிடி என்ற 12 மாத வேலை அனுமதியைப் பயன்படுத்துவார்கள். படிக்கும்போதே ஓபிடி-யைச் செலவழித்துவிட்டு, லைசென்ஸுக்கு மணிநேரம் சேர்க்க வழியில்லாமல் நிற்கிறவர்கள் உண்டு. அந்தத் துறையில் முன்பு படித்த வெளிநாட்டு மாணவர் யாராவது லைசென்ஸ் வரை போயிருக்கிறாரா என்று கேட்டு, அவரோடு பேசிவிடுங்கள்.

ஈபிபிபி தேர்வைப் பற்றி இப்போதே கவலைப்பட வேண்டுமா?

கவலை வேண்டாம், ஒரு பார்வை போதும். 225 கேள்வி, அதில் 175க்குத்தான் மதிப்பெண், நாலேகால் மணிநேரம். 200 முதல் 800 வரையிலான அளவில் 500 எடுத்தால் பெரும்பாலான மாநிலங்களில் தேர்ச்சி. எந்தப் படிப்பில் படித்தவர்கள் எப்படித் தேறுகிறார்கள் என்ற விவரமும் வெளியாகியிருக்கிறது. அந்த எண் மோசமாக இருக்கும் கல்லூரி அதைப்பற்றித் தானாகப் பேசாது.

இரண்டு இடத்தில் கிடைத்துவிட்டது. எப்போதுக்குள் சொல்ல வேண்டும்?

உதவித்தொகையோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15 வரை அவகாசம் உண்டு; பல பல்கலைக்கழகங்கள் கையெழுத்திட்ட பொது உடன்பாடு அது. அதற்கு முன்பே பதில் சொல்லச் சொல்லி நெருக்குகிற இடத்திடம் இந்த உடன்பாட்டைப் பற்றிக் கேட்கலாம். அதற்காகக் கடைசி நாள் வரை இரண்டையும் பிடித்து வைத்திருக்க வேண்டியதில்லை. வேண்டாம் என்று முடிவான அன்றே சொல்லிவிட்டால், காத்திருப்போர் பட்டியலில் யாரோ ஒருவரின் தொலைபேசி அன்று மாலையே ஒலிக்கும்.

எங்குமே கிடைக்கவில்லை. கடன் வாங்கிக் கிடைத்த இடத்தில் சேர்ந்துவிடவா?

ஓராண்டு பொறுங்கள். முதல் தடவை கிடைக்காமல் போவது இந்தத் துறையில் சாதாரணம். ஒரு ஆய்வுக்கூடத்தில் சம்பளத்துக்கு ஆய்வு உதவியாளராக வேலை தேடுங்கள். இரண்டு ஆண்டு அப்படி இருந்துவிட்டு நுழைகிறவர்கள் ஏராளம். அந்தக் காலத்தில் மாநாட்டில் ஆய்வை விளக்கும் சுவரொட்டி ஒன்றில் பெயர் வரலாம், பரிந்துரைக் கடிதம் எழுத உங்களை உண்மையிலேயே தெரிந்த ஒருவர் கிடைப்பார். விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பர் தொடக்கத்தில் முடிகின்றன. ஆக, இந்த ஏப்ரலில் நிராகரிப்புக் கடிதம் வந்தால் உங்கள் கையில் எட்டு மாதம் இருக்கிறது. முதல் வாரம் தூங்கி எழுந்துவிட்டு, உங்களை நிராகரித்த பேராசிரியர்களில் ஒருவருக்காவது எழுதுங்கள்: விண்ணப்பத்தில் எது குறைந்தது? சிலர் பதில் சொல்வார்கள்.